உடலுக்குள் விழுதுகள்

நுழையும்முன்

ஆலமரத்தின் கிளையிலிருந்து இறங்கும் விழுதை அறியாதார் இலர். மனித உடலின் உள்ளறைகளிலும் இத்தகைய விழுதுகள் தோன்றுவதுண்டு. மூக்கு, தொண்டை, இரைப்பை, பித்தப்பை, கருப்பை, பெருங்குடல் எனப் பல இடங்களில் அவை தொங்குகின்றன. ஆங்கில மருத்துவர் அவற்றைப் பாலிப் என்பர். அவற்றுள் எது தீங்கற்றது, எது உயிரைப் பறிப்பது என்று பிரித்தறிய மருத்துவ உலகம் நெடுங்காலம் உழைத்தது. அவ்வுழைப்பின் வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

குரல் இழந்த பேரரசர்

1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் குரல் கம்மத் தொடங்கியது. சளி பிடித்ததால் வந்த கம்மல் என்று முதலில் கருதினர். வாரங்கள் கடந்தும் அது தீரவில்லை. மார்ச்சு மாதம் கெர்ஹார்ட் என்னும் பேராசிரியர் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் செலுத்திப் பார்த்தார். இடப்புறக் குரல்நாணில் சிறியதொரு சதை முளைத்திருந்தது. அதனைக் குரல்நாண் விழுது எனக் கொண்டு, முதலில் கம்பி வளையத்தால் அகற்ற முயன்றார். பின்னர் மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியால் நாள்தோறும் சுட்டார். சுடப்பட்ட இடத்திலேயே சதை மீண்டும் வளர்ந்தது.

மே மாதத்தில் ஐயம் வலுத்தது. இது புற்றுநோயாக இருக்கலாம், தொண்டையைத் திறந்து அறுவை செய்ய வேண்டும் என்று ஜெர்மானிய மருத்துவர் கூறினர். இலண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கென்சி, முதலில் சதையின் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அத்துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர் ருடால்ஃப் விர்ஷோ. உயிரணு நோயியலின் தந்தை என்று போற்றப்படும் அவர், தமக்கு அளிக்கப்பட்ட துணுக்கில் புற்றுநோயின் அடையாளம் இல்லை என்று எழுதினார். அறுவை கைவிடப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில், அது புற்றுநோயே என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. 1888 பிப்ரவரியில் மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டனர். மார்ச்சு 9ஆம் நாள் தந்தை இறக்க, பிரெடரிக் பேரரசரானார். பேச இயலாத அவர், தாள்களில் எழுதியே ஆணைகளைப் பிறப்பித்தார். அவ்வாட்சி 99 நாள்களே நீடித்தது. சூன் 15 அன்று அவர் இறந்தார். அவருக்குப்பின் அரியணை ஏறிய மகன் இரண்டாம் வில்லியம் காலத்தில்தான் ஜெர்மனி முதல் உலகப்போரில் இறங்கியது. தந்தை பிழைத்திருந்தால் வரலாறு எவ்வாறு திரும்பியிருக்கும் என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர். அவ்வாதத்துக்கு முடிவு இல்லை.

விர்ஷோவின் பார்வையில் பிழை இருந்தது என்று சொல்வதற்கில்லை. கையில் கிடைத்த துணுக்கைப் பற்றியே அவர் எழுதினார். சதையின் மேற்புறத்தில் கிள்ளிய ஒரு துணுக்கு அதன் ஆழத்தில் நடப்பதைச் சொல்லாது என்னும் பாடத்தை மருத்துவ உலகம் அந்நிகழ்விலிருந்து பெற்றது. விழுதை வேரோடு முழுமையாக அகற்றி, முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்னும் இன்றைய வழக்கத்துக்குப் பின்னால் இத்தகைய கசப்பான பட்டறிவுகள் உள்ளன.

பெயரும் உருவமும்

பாலிப் என்னும் சொல் கிரேக்க மொழியில் பிறந்தது. பல கால்களை உடையது என்பது அதன் பொருள். கணவாய் இனத்தைச் சேர்ந்த எண்காலிக்கு கிரேக்கர் இட்ட பெயர் அது. மூக்கினுள் பற்றிக்கொண்டு வெளிவர மறுக்கும் சதையைக் கண்டபோது, பாறையைப் பற்றிய கடல் உயிரி அவர்களுக்கு நினைவுக்கு வந்தது போலும். தமிழில் விழுது என்பது இவ்வளர்ச்சியின் தொங்கும் தோற்றத்தைக் கண்முன் நிறுத்துகிறது. எனினும் எல்லா விழுதும் தொங்குவதில்லை. காளானைப் போலக் காம்பில் நிற்பவையும் உண்டு. தோலின் மேல் எழுந்த மருவைப் போலக் காம்பின்றிப் படிந்திருப்பவையும் உண்டு.

விழுது என்பது ஒரு நோயின் பெயரன்று. ஓர் உருவத்தின் பெயர். உறுப்புகளின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மென்சவ்விலிருந்து உள்வெளியை நோக்கி எழும் எந்த வளர்ச்சியும் இப்பெயரைப் பெறும். அழற்சியால் வீங்கிய சவ்வும் விழுதே. கொழுப்புத் திரண்ட புடைப்பும் விழுதே. கட்டுப்பாடின்றிப் பெருகும் உயிரணுக்களின் கூட்டமும் விழுதே. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இவற்றின் பிறப்பும் போக்கும் வேறு வேறு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர் உருவத்தை மட்டுமே கண்டனர். இயல்பைக் காண நுண்ணோக்கி வேண்டியிருந்தது.

மூக்கின் விழுதுகள்

பழங்காலத்தவர் நன்கறிந்தது மூக்கு விழுதே. இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களில் அதனை அகற்றும் முறை கூறப்பட்டுள்ளது. கடற்பஞ்சைத் துண்டாக வெட்டி, நூலால் இறுகக் கட்டி, நூலின் முனையை மூக்கு வழியே தொண்டைக்குள் செலுத்தி, வாய் வழியாகப் பற்றி இழுப்பர். பஞ்சு வரும் வழியில் உள்ள சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அதனைத் தாங்கியவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

உரித்த திராட்சையைப் போன்று வெளிறி, ஒளி ஊடுருவும் தன்மையுடன் காணப்படும் இவ்விழுதுகள் நூறு பேரில் ஒருவர் முதல் நால்வர் வரை உண்டாகின்றன. முகத்து எலும்புகளுக்கு இடையேயுள்ள சைனஸ் குழிகளின் சவ்வில் நாட்பட்ட அழற்சி நிலைக்கும்போது, அச்சவ்வு நீர்கோத்து வீங்கிக் கீழிறங்குகிறது. மூக்கடைப்பும், மணம் அறியும் திறன் குன்றுவதும் இதன் விளைவுகள். சமையலறையில் பால் தீய்வதை அறியாமல் நிற்பவரின் இடர்ப்பாட்டை மற்றவர் எளிதாக எடுத்துக்கொள்வர். பட்டவருக்கே அதன் அருமை தெரியும். ஆனால் இவ்வகை விழுது புற்றுநோயாவதில்லை என்றே சொல்லலாம்.

இதன் தொல்லை வேறுவகையானது. வெட்டினால் மீண்டும் முளைக்கும். காரணத்தைத் தேடிய ஆய்வாளர், இவ்விழுதுகளில் பெரும்பாலானவற்றில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதைக் கண்டனர். ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் பங்கு கொள்ளும் அணுக்கள் இவை. ஆஸ்துமா, மூக்கு விழுது, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து தோன்றுவதைப் பிரான்சு நாட்டின் விடால் 1922ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருந்தார். மூக்கும் நுரையீரலும் ஒரே அழற்சியின் இரு முனைகள் என்னும் உண்மை பின்னரே தெளிவாயிற்று. அழற்சியைத் தூண்டும் வேதிச் செய்திகளை இடைமறிக்கும் டுபிலுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்துக்கு 2019இல் அமெரிக்கா மூக்கு விழுதுக்காக ஒப்புதல் அளித்தது. முதலில் தோல் அழற்சிக்காக உருவான மருந்து அது. இப்போகிரேட்டசின் கடற்பஞ்சு சதையை மட்டுமே பிடுங்கியது. இம்மருந்து சதையை வளர்க்கும் அழற்சியைத் தடுக்கிறது. எனினும் அது அனைவருக்கும் எட்டும் விலையில் இல்லை. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தும், அகநோக்கி வழியிலான அறுவையுமே இன்றும் பெரும்பாலோருக்குரிய மருத்துவம்.

தொண்டை, இரைப்பை, பித்தப்பை, கருப்பை

குரல்நாணில் எழும் விழுதுகள் பெரும்பாலும் குரலை வருத்துவதால் வருபவை. ஓங்கிக் கத்தும்போது நாண்கள் ஒன்றோடொன்று மோதிச் சிறு குருதி நாளம் வெடிப்பதுகூட அதற்குப் போதும். பாடகர், ஆசிரியர், கூவி விற்போர் ஆகியோர் இதற்கு ஆளாவர். தொண்டையைக் கண்ணாடியால் காணும் வழியை 1854இல் கண்டவரும் ஓர் இசையாசிரியரே என்பது சுவையான செய்தி. மானுவேல் கார்சியா என்னும் அவர், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். முப்பது ஆண்டு கழித்துக் கெர்ஹார்ட் இளவரசரின் தொண்டையில் செலுத்தியது அதே வகைக் கண்ணாடிதான்.

இரைப்பை விழுதுகள் சில, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் அழற்சியிலிருந்து பிறக்கின்றன. நுண்ணுயிரியை மருந்தால் ஒழித்தால் விழுதும் சுருங்கி மறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பித்தப்பையில் காணப்படுபவற்றுள் பெரும்பாலானவை கொழுப்புத் திரட்சிகளே. ஸ்கேன் அறிக்கையில் அச்சொல்லைக் கண்டு அஞ்சுவோர் பலர். பத்து மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் இருப்பின் மருத்துவர் பெரும்பாலும் கண்காணிப்பதோடு அமைவர்.

கருப்பை விழுதுக்கு மருத்துவ வரலாற்றில் தனியிடம் உண்டு. மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்குக்கு ஆளான 60 வயதுப் பெண்ணொருவரின் கருப்பைக்குள் 1869ஆம் ஆண்டில் பாண்டலியோனி என்னும் மருத்துவர் ஒளிக்குழாயைச் செலுத்திப் பார்த்தார். அங்கே விழுது போன்றதொரு வளர்ச்சியைக் கண்டு, வெள்ளி நைட்ரேட்டால் சுட்டு அகற்றினார். உயிருள்ளவரின் கருப்பைக்குள் கண்ணால் கண்டு செய்த முதல் மருத்துவம் எனப் போற்றப்படுவது இது. கருப்பை விழுதுகளும் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் மாதவிடாய் நின்றபின் தோன்றும் குருதிப்போக்கை வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைத்தல் கூடாது. அதற்குக் காரணம் விழுதா, புற்றுநோயா என்பதைச் சோதனையே சொல்லும்.

பெருங்குடல்: விழுதிலிருந்து புற்றுநோய்க்கு

பெருங்குடலில் கதை மாறுகிறது. இங்குத் தோன்றும் விழுதுகளில் அடினோமா என்னும் வகை உண்டு. இதில் சுரப்பித் திசுவின் உயிரணுக்கள் தம் ஒழுங்கை மறந்து பெருகத் தொடங்கியிருக்கும். இவ்வகையே புற்றுநோயின் வித்து என்று நிறுவ ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இலண்டன் நகரின் புனித மார்க் மருத்துவமனையில் பணியாற்றிய லாக்கார்ட் மம்மரி என்னும் அறுவை மருத்துவரும், கத்பர்ட் டியூக்ஸ் என்னும் நோயியல் அறிஞரும் 1920களில் சில குடும்பங்களைக் கூர்ந்து நோக்கினர். அக்குடும்பங்களில் சிலருக்குப் பதின்பருவத்திலேயே குடல் முழுதும் நூற்றுக்கணக்கில் விழுதுகள் முளைத்தன. நாற்பது வயதளவில் புற்றுநோய் வந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இக்குடும்பங்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. இளம் வயதில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த புஸ்ஸி, பல பத்தாண்டுகள் அதனைப் பேணினார். ஒரு குடும்பத்தில் ஒருவர் நோயுற்றதும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் தேடிச் சோதித்து, நோய் முற்றும் முன்பே அறுவை செய்ய அப்பதிவேடு வழிகாட்டியது. பெயர்களை எழுதி வைத்த ஏடு உயிர்களைக் காத்தது.

ஆனால் அவை அரிய குடும்பங்கள். ஒன்றிரண்டு விழுது மட்டும் உடைய எளிய மக்களுக்கும் இதே வழியில்தான் புற்றுநோய் வருகிறதா? அதற்கு விடை தந்தவர் அதே மருத்துவமனையைச் சேர்ந்த பேசில் மார்சனும் உடன் ஆய்ந்தோரும் ஆவர். அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான விழுதுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1975இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு தெளிவானது. ஒரு செண்டிமீட்டருக்கும் சிறிய அடினோமாக்களில் 1.3 விழுக்காட்டில் மட்டுமே புற்றுநோய் இருந்தது. ஒன்று முதல் இரண்டு செண்டிமீட்டர் வரையுள்ளவற்றில் 9.5 விழுக்காடு. இரண்டு செண்டிமீட்டருக்கும் பெரியவற்றில் 46 விழுக்காடு. வளர வளர விழுது மாறுகிறது என்பதை இவ்வெண்கள் உரைத்தன.

மாற்றத்தின் உள்வழியை மரபணு ஆய்வு திறந்து காட்டியது. அமெரிக்க அறிஞர்களான ஃபியரனும் வோகல்ஸ்டைனும் 1990இல் ஒரு படிநிலை விளக்கத்தை முன்வைத்தனர். உயிரணுவின் பெருக்கத்தை அடக்கும் மரபணு ஒன்று முதலில் பழுதுறுகிறது. சிறு விழுது எழுகிறது. பெருக்கத்தைத் தூண்டும் மற்றொன்று பின்னர்க் கட்டறுகிறது; விழுது பெரிதாகிறது. பழுதுற்ற உயிரணுவை அழிக்க வேண்டிய காவல் மரபணுவும் இறுதியில் செயலிழக்கும்போது புற்றுநோய் பிறக்கிறது. அடுத்த ஆண்டே ஏபிசி எனப் பெயரிடப்பட்ட முதல் மரபணு அடையாளம் காணப்பட்டது. புஸ்ஸியின் பதிவேட்டில் இருந்தவை போன்ற குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பழுது அதுவே. இப்படிகள் அனைத்தையும் கடக்கப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன. பெரும்பாலான அடினோமாக்கள் இறுதிப் படியை எட்டுவதே இல்லை. இப்பத்தாண்டு இடைவெளிதான் மருத்துவத்துக்குக் கிடைத்த வாய்ப்பு.

ஒளி வளைந்த கதை

வாய்ப்பைப் பயன்படுத்தக் குடலுக்குள் காண வேண்டுமே! பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. வளைந்து வளைந்து செல்வது. அக்கால நேர்க்குழாய்க் கருவி 25 செண்டிமீட்டருக்கு மேல் எட்டாது. அதற்கப்பால் விழுது இருப்பின் வயிற்றைக் கிழித்தே எடுக்க வேண்டும்.

ஒளியை வளைக்கும் வழியைக் கண்டவர்களுள் ஓர் இந்தியர் உண்டு. பஞ்சாப் மாநிலத்து மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்சு என்னும் அறிஞரிடம் ஆய்வு மாணவராக இருந்தார். மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாக்கி, வளைந்த வழியிலும் உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் இருவரும் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அதனைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர், அமெரிக்காவில் வளையும் இரைப்பை நோக்கியை உருவாக்கினார். 1957இல் அதனை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்! அக்கருவியின் வழிவந்த நீண்ட குடல்நோக்கியைக் கொண்டு, நியூயார்க்கு நகரில் வில்லியம் உல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் 1969இல் புதுவழி கண்டனர். குழாயின் வழியே ஒரு சுருக்குக் கம்பியை அனுப்பி, விழுதின் காம்பில் மாட்டி இறுக்கி, மின்சாரத்தால் அறுத்தெடுத்தனர். வயிற்றில் ஒரு கீறலும் இல்லை. கெர்ஹார்ட் முயன்றதும் கம்பியும் மின்சாரமுமே. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் கருவி நுட்பமடைந்தது. எதனை, ஏன் அகற்றுகிறோம் என்னும் அறிவும் கைகூடியது.

எண்ணிப் பார்த்த ஆய்வுகள்

அகற்றினால் புற்றுநோய் குறையும் என்பது அதுவரை ஒரு நம்பிக்கையே. அமெரிக்காவில் சிட்னி வினாவர் தலைமையில் நடைபெற்ற தேசிய விழுது ஆய்வு அதனை எண்ணிப் பார்த்தது. அடினோமா அகற்றப்பட்ட 1418 பேரைச் சராசரியாக ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஒப்பிடுவதற்குக் கொண்ட மூன்று மக்கள் தொகுதிகளின் கணக்குப்படி 48, 43, 21 என்னும் அளவுகளில் புற்றுநோய் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதோ 5 பேருக்கு மட்டுமே. 1993இல் வெளியான இம்முடிவு, 76 முதல் 90 விழுக்காடு வரை நோய் குறைந்ததைக் காட்டியது. இவ்வழியில் தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. விழுது அகற்றப்பட்டோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு 53 விழுக்காடு குறைந்திருந்தது.

அறிவியல் அத்துடன் மனநிறைவு கொள்ளவில்லை. ஒப்பிட்ட மக்கள் வேறு, ஆய்வுக்கு உட்பட்டோர் வேறு என்னும் குறை இருந்தது. எனவே போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 84,585 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் குடல்நோக்குச் சோதனைக்கு அழைத்தனர். பத்தாண்டு முடிவில், அழைக்கப்பட்ட பிரிவில் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடே குறைந்திருந்தது. 2022இல் இது வெளியானபோது ஏமாற்றம் அடைந்தோர் பலர். எண்ணை நுணுகிப் பார்த்தால் காரணம் விளங்கும்: அழைக்கப்பட்டோருள் 42 விழுக்காட்டினரே சோதனைக்கு வந்திருந்தனர். வராதவரின் குடலில் இருந்த விழுது அங்கேயே இருந்தது.

வந்தவர்க்கும் சோதிப்பவரின் பொறுமை வேண்டும். குடல்நோக்கியை உட்செலுத்தும்போதினும் வெளியே இழுக்கும்போதே மருத்துவர் சுவரை நிதானமாக ஆராய்வார். பன்னிரண்டு மருத்துவர்களின் பணியைக் கணக்கிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வெளியிழுக்கச் சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள், சோதித்தவருள் 28.3 விழுக்காட்டினரிடம் அடினோமா முதலிய வளர்ச்சிகளைக் கண்டனர். விரைந்து முடித்தவர்கள் கண்டதோ 11.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே. கருவி ஒன்றே, வேறுபட்டவை சில நிமிடங்கள்.

மனிதக் கண் சோர்வடையும் என்பதால் இன்று கணினியும் உடன் அமர்ந்து பார்க்கிறது. ஆயிரக்கணக்கான படங்களைக் கண்டு பயின்ற செயற்கை நுண்ணறிவு, திரையில் ஐயத்துக்குரிய இடத்தைக் கட்டமிட்டுக் காட்டும். 2019இல் வெளியான சீன ஆய்வொன்றில், கணினியின் துணையோடு சோதித்தபோது 29.1 விழுக்காட்டினரிடமும், துணையின்றிச் சோதித்தபோது 20.3 விழுக்காட்டினரிடமும் அடினோமா கண்டறியப்பட்டது. கூடுதலாகக் கண்டவற்றுள் பெரும்பாலானவை மிகச் சிறிய விழுதுகள். அவற்றை எடுப்பதால் எத்தனை உயிர் காக்கப்படும் என்பதை அறிய அம்மக்களை இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். புஸ்ஸியின் ஏட்டில் இருந்ததைப் போலவே, அவர்களின் பெயரும் வயதும் விழுதின் அளவும் இன்று கணினிப் பதிவேடுகளில் குறிக்கப்பட்டு வருகின்றன.